பவுடருக்கு அடியில் இருந்த பொட்டு

பவுடருக்கு அடியில் மறைந்திருக்கும் திருஷ்டிப் பொட்டு, பொட்டுக் கணக்கில் சேருமா, சேராதா?

சிரிக்காதீர்கள். பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டில் சென்ற மழைக்காலத்துக்கு முன்பு கிளம்பிய கேள்வி இது. இன்னும் அடங்கவில்லை. காலையில் பால் காய்ச்சும்போது 'சேரும்' என்று தோன்றுகிறது. மாடியில் துணி உலர்த்தும்போது 'எப்படிச் சேரும்?' என்று தோன்றுகிறது. துணி காய்ந்து மடிக்கும்போது மறுபடி சேர்கிறது. இந்தக் கோடையில் நான் யாரோடு, எந்த நாட்டுக்கு, எந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போவேன் என்பது இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

கேள்வி பிறந்த இடம், பாங்காக்கிலிருந்து அயுத்தயாவுக்குப் போகும் ரயிலின் மூன்றாம் வகுப்புப் பெட்டி.

மேலே மின்விசிறிகள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. சுட்ட கோழியும் கையில் ஒட்டுகிற பசைச் சோறும் விற்றுக்கொண்டு ஒரு பெண் போனாள். வாசனை அவளுக்கு முன்னால் போனது. ஜன்னலோரம் என் மகள் இனியா. எல்.கே.ஜி. படிக்கிறவள். அவளை ஒட்டி என் தங்கை அபி. எதிர் இருக்கையில் பூப்போட்ட சட்டை அணிந்த ஒரு நடுத்தர வயது அம்மாள்.

அந்த அம்மாள் இனியாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஈரத்தாள் ஒன்றை உருவினாள். என்னைப் பார்த்து, 'இருங்கள், நானே செய்கிறேன்' என்பதுபோல் சிரித்தாள். முன்னால் குனிந்து இனியாவின் இடது கன்னத்திலிருந்த கறுப்புப் பொட்டை அழுத்தித் துடைத்தாள்.

பொட்டு போகவில்லை.

அம்மாளின் புருவம் சுருங்கியது. இரண்டாவது தாளை உருவினாள்.

அவள் உருவிய கையோடு அப்படியே இருக்கட்டும். பொட்டு ஏன் போகவில்லை என்று சொல்ல, நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆரஞ்சுத் தொப்பி

நான் தாய்லாந்துக்குப் போனது அது முதல் தடவை இல்லை. இனியா நடை பழகிய புதிதில் ஒரு தடவை போயிருக்கிறோம். நான், என் கணவர், மாமனார், மாமியார், இனியா என்று குடும்பமாக, ஒரு டூர் கம்பெனியின் பேக்கேஜில்.

எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத் தொப்பி கொடுத்தார்கள். தொலைந்தால் கண்டுபிடிக்கலாமாம். ஒரு பஸ் நிறைய ஆரஞ்சுத் தொப்பிகள். குரோம்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி தம்பதி, சேலையூரிலிருந்து பள்ளி ஆசிரியைகள், படப்பையிலிருந்து மூன்று தலைமுறையாகக் கிளம்பி வந்திருந்த ஒரு பெரிய குடும்பம். எங்களோடு சமையல்காரரும் வந்தார். நாங்கள் புத்தர் கோவிலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் பஸ்ஸில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் தயாராக இருக்கும்.

ஒரு நாள் சாலையோரத்தில் மாம்பழத்தை மல்லிகைப்பூ போல வெட்டி அடுக்கியிருந்தார்கள். "ஒரு நிமிஷம் இறங்கிக்கட்டுமா சார்?" என்று டூர் மேனேஜரிடம் கேட்டேன்.

"மேடம், மாம்பழம் நம்ம மெனுவுல நாளைக்கு இருக்கு" என்றார்.

மறுநாள் இருந்தது. டின்னில் இருந்தது.

அந்தப் பயணத்தில் நான் மிக அருகில் பார்த்த தாய்லாந்துக்காரர், பஸ் டிரைவர். அதுவும் அவருடைய பிடரியைத்தான். நல்ல பிடரி. பின்னால் ஒரு சிறிய மச்சம் இருக்கும்.

ஆனால் குறை சொல்ல மாட்டேன். இனியாவுக்கு ஒரு நாள் வயிறு சரியில்லாமல் போனபோது, அந்த பஸ்ஸில் இருந்த அத்தனை கைப்பைகளும் ஒரே சமயத்தில் திறந்தன. ஓமத் தண்ணீர், சுக்குப் பொடி, வசம்பு, வறுத்த அரிசிக் கஞ்சிப் பொடி! குரோம்பேட்டை வங்கி அதிகாரி மடியில் போட்டுத் தட்டியே அவளைத் தூங்கவைத்தார். நான் இனியா பிறந்த பிறகு முதல் முறையாக, பஸ்ஸில், வாயைத் திறந்துகொண்டு தூங்கினேன். மாமியார் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்.

ஊருக்குத் திரும்பி, எல்லாப் படங்களையும் அபிக்குக் காட்டினேன். என்னைவிட ஐந்து வயது சின்னவள். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வருஷத்துக்கு ஒரு முறை முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விட்டு, கறுத்து, இளைத்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி திரும்புகிறவள். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"அக்கா, நீ தாய்லாந்து போகவே இல்ல."

"பின்ன இது என்னடி?"

"தாம்பரத்துல ஏறின பஸ்ஸு, தாய்லாந்து வழியா போயிட்டு தாம்பரத்துக்கே வந்திருக்கு. உள்ள இருந்தது எல்லாம் தாம்பரம்தான்."

இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. மூன்றாவது நாள் அவளே வந்து, "அதே ஊருக்கு நான் கூட்டிட்டுப் போறேன். நீ, நான், குட்டி. தொப்பி கிடையாது" என்றாள்.

தொழிற்சாலைக் கண்

என் கணவர் ஒரகடத்தில் கார் இருக்கைகள் தைக்கும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். தையலில் ஒரு நூல் பிசகியிருந்தால் இருக்கையையே திருப்பி அனுப்புகிறவர். வீட்டிலும் அந்தக் கண்தான். தோசை வட்டமாக இல்லையென்றால் சொல்ல மாட்டார். ஆனால் பார்ப்பார்.

சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது. ராகு காலம் பார்க்க மாட்டார். பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிடுவார். ஆனால் இனியாவின் கன்னத்தில் பொட்டு இல்லாமல் வாசலைத் தாண்டவிட மாட்டார். "இதுல மட்டும் என்னங்க?" என்று ஒரு தடவை கேட்டேன். "இது நம்பிக்கை இல்ல சுதா. சேஃப்டி" என்றார்.

அபியோடு போவதற்கு அவருக்கு மனசே இல்லை. அவருக்கு விடுமுறையும் இல்லை. இரவுச் சாப்பாட்டின்போது நான், அபி, அவர் மூவரும் உட்கார்ந்து பேசினோம்.

"ஹோட்டல் எங்கே?"

"கெஸ்ட் ஹவுஸ் மாமா."

"பஸ் வருமா, கூட்டிட்டுப் போக?"

"நாங்கதான் பஸ்ஸைத் தேடிப் போவோம் மாமா."

அவர் என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன். எனக்கே பயமாகத்தான் இருந்தது. மூன்று வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். எதிலும் என்னவெல்லாம் தப்பாகப் போகலாம் என்று வரிசையாகப் பார்க்கத் தெரியும். குழந்தைக்குக் காய்ச்சல், பாஸ்போர்ட் தொலைவது, ரயில் மாறி ஏறுவது. போகலாம் என்று ஆசைப்பட்டது மனசில் ஒரு ஓரம்தான். அந்த ஓரத்தைத்தான் அபி பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவர் சொன்னார். "சரி. ஒரே கண்டிஷன். தினமும் காலையில எனக்கு ஒரு போட்டோ வரணும். புள்ள கன்னத்துல பொட்டு தெரியணும். எல்லா நாளும் பொட்டு இருந்துச்சுன்னா அடுத்த டிரிப்பும் நீங்க ரெண்டு பேரும் எங்க வேணாலும் போங்க, நான் வாயே திறக்க மாட்டேன். ஒரு நாள் இல்லைன்னாலும், அதுக்கப்புறம் பேக்கேஜ்தான்."

"டீல் மாமா!" என்று அபி கையை நீட்டினாள். எச்சில் கை. அவர் குலுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

இதை அவ்வளவு விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அபிக்கு வருகிற ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை கனடாவில் இருக்கிறார். அதற்கு முன்னால் இன்னும் ஒரு பயணம் இருவரும் போய்விட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எனக்கும்தான். சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கரண்டு ரயிலில் வெளிநாடு

விமானத்துக்கு டாக்ஸி சொல்லலாம் என்றேன். "திரிசூலம் ஸ்டேஷன் ஏர்போர்ட்டுக்கு எதிர்ல இருக்கு. ரயில் இருக்கும்போது டாக்ஸி எதுக்கு?" என்று பெருங்களத்தூரில் எங்களை மின்சார ரயிலில் ஏற்றினாள் அபி.

பெண்கள் பெட்டி. தாம்பரத்தில் மீன் விற்று முடித்து, காலி அன்னக்கூடையோடு ஒரு அம்மாள் ஏறி, எங்களுக்கு எதிரில் கூடையைக் கவிழ்த்து அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

"இன்னாமா, புள்ளய தூக்கினு மூட்ட முடிச்சோட எங்க கெளம்பிட்டீங்கோ?"

"பாங்காக் போறோம்க்கா" என்றாள் அபி.

"அது எங்க கீது? பீச்சு ஸ்டேசன் தாண்டியா?"

"தாண்டித்தான்க்கா. கடலுக்கு அந்தாண்ட."

"இந்த ரயிலு அங்க போவுதா?"

"திரிசூலம் வரைக்கும் ரயிலு. அதுக்கப்புறம் பிளைட்டு."

அம்மாள் தொடையில் தட்டிச் சிரித்தாள். "பிளேன்ல போறவ எவளாச்சும் கரண்டு ரயில்ல வருவாளா? காரு வெச்சுகினு போவா! நல்லா வுடுறியே ரீலு!"

பெட்டி முழுவதும் சிரித்தது. நான் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவள் இனியாவைப் பார்த்துவிட்டாள். இரண்டு கைகளாலும் அவள் முகத்தை வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் வைத்துப் படபடவென்று நெட்டி முறித்தாள்.

"எம்மாம் அழகு! பொட்டு வெச்சுகிறே, நல்லது. அழியாம பாத்துக்கோ, இன்னா?"

"சரிக்கா" என்றேன். அதை நான் எவ்வளவு விபரீதமாகப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நானும் அபியும் சேர்ந்து போன முதல் வெளியூரும் இதே ரயில் தடத்தில்தான். நான் ஒன்பதாவது, அவள் நாலாவது. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அத்தையோடு போக வேண்டியது. அத்தை அங்கேயே வந்து நிற்பதாக ஏற்பாடு. வண்டலூர் வந்ததும் நான் எழுந்தேன். அபி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச தூரம்" என்றாள். இழுத்துப் பார்த்தேன். வண்டி நகர்ந்துவிட்டது. நான் அழ ஆரம்பித்தேன். அவள் ஜன்னலில் பாட ஆரம்பித்தாள். கடைசியில் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கினோம். வந்தது வந்தோம் என்று குகைக் கோவிலில் நரசிம்மரைப் பார்த்து, புளியோதரை வாங்கித் தின்று, அடுத்த ரயிலில் திரும்பினோம். வண்டலூரில் அத்தை காவலாளிகள் எல்லோரையும் கூட்டி வைத்திருந்தார். அம்மா இருவரையும் வெளுத்து வாங்கிவிட்டு, கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "தரிசனமாவது நல்லா ஆச்சா?"

அன்றைக்கு ஆரம்பித்தது. நான் அழுவதும் அவள் பாடுவதும்.

துடைக்கும் தேசம்

பாங்காக்கில் இறங்கி, குடியேற்ற வரிசையில் நின்றோம். சீருடை அணிந்த ஒரு பெண் அதிகாரி வரிசையைச் சரிசெய்துகொண்டு வந்தார். இனியாவைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கட்டைவிரலால் அவள் கன்னத்தைத் துடைத்தார். விரலைப் பார்த்தார். கறுப்பு. திருப்தியாகத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் அவரிடம் "தேங்க் யூ" என்றேன். அபி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மை டப்பாவைத் திறந்து மறுபடி வைத்தேன்.

நாங்கள் தங்கிய கெஸ்ட் ஹவுஸ் ஒரு சந்துக்குள் இருந்தது. அறையில் ஒரே கட்டில். இனியா நடுவில், நாங்கள் இரு பக்கம். போர்வைக்குச் சின்ன வயதுச் சண்டையே மறுபடி நடந்தது. வீட்டுக்காரப் பெண் காலையில் தேநீர் கொடுக்கும்போது இனியாவின் கன்னத்தைத் துடைத்தாள். பழக்கடைக்காரி துடைத்தாள். படகில் பக்கத்தில் உட்கார்ந்த பள்ளிப் பெண்கள் கூடிப் பேசி, தைரியசாலி ஒருத்தியைத் தேர்ந்தெடுக்க, அவள் துடைத்தாள். கோவிலில் செருப்புகளைக் காவல் காத்தவள் துடைத்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. எல்லோரும் அவ்வளவு பிரியமாகத் துடைத்தார்கள். 'பாவம், வெயிலில் அலைகிற அம்மா, குழந்தை முகத்தைக் கவனிக்க நேரமில்லை' என்று நினைத்திருப்பார்கள் போல.

எனக்கு மானம் போயிற்று. ஒரு நாளைக்கு நாலு தடவை குளிப்பாட்டப்படுகிற குழந்தை அது!

"ஒரு விஷயம் கவனிச்சியா?" என்றாள் அபி. "போன தடவை யாராவது தொடச்சாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஆரஞ்சுத் தொப்பிகளைத் தாண்டி இனியாவின் கன்னம் வரைக்கும் யாராலும் வந்திருக்கவே முடியாது.

எப்படியோ, தினமும் காலையில் போட்டோ போய்க்கொண்டிருந்தது. பொட்டு பளிச்சென்று. கணவரிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வரும். சில நாள் "கொஞ்சம் லெஃப்ட்ல இருக்கு" என்று ஒரு குறிப்பும் வரும்.

அப்புறம் மை டப்பா தொலைந்தது. ஆற்றுப் படகில், பள்ளிப் பெண்கள் துடைத்த பிறகு மறுபடி வைத்துவிட்டு, இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். படகு போய்விட்டது. கரையில் நின்று கையை ஆட்டினேன். படகிலிருந்தவர்களும் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்கள்.

"பேனாவால வெச்சிடலாம்" என்றாள் அபி.

"பேனா மை தோலுக்கு ஆகாது."

"அப்போ கரி?"

"கரிக்கு எங்கடி போறது?"

கடைசியில் தெருமுனைக் கடையில் கண் மை பென்சில் ஒன்று வாங்கினோம். தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் என் கையில் கோடு போட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. கையைக் கழுவினேன். கோடு போகவில்லை. சோப்புப் போட்டேன். போகவில்லை. பென்சில் வந்த அட்டையில் ஒரு துளித் தண்ணீர் படமும் அதன்மேல் குறுக்குக் கோடும் போட்டிருந்தது. தண்ணீருக்கு அசையாத மை.

எனக்கு அந்த நாட்டில் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் அதுதான். "இனிமே தொடைக்கட்டும் பாக்கலாம்!" என்று கடை வாசலிலேயே குதித்தேன். அபி என்னை அப்படிப் பார்த்ததில்லை. போட்டோ எடுத்தாள். அதில் என் இரண்டு கால்களும் தரையில் இல்லை.

உருவிய தாள்

இப்போது ரயிலுக்கு வருவோம். பூப்போட்ட சட்டை அம்மாள் இரண்டாவது ஈரத்தாளை உருவியிருந்தாள் அல்லவா?

அதற்கும் போகவில்லை. அம்மாள் பக்கத்திலிருந்தவளைக் கூப்பிட்டாள். அவள் தன் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தாள். போகவில்லை. அவள் பின்னாலிருந்தவளைக் கூப்பிட்டாள். பெட்டியே எழுந்து வந்தது. கைப்பைகள் திறந்தன. தாள், துணி, பஞ்சு. எனக்கு ஓமத் தண்ணீர் பஸ் ஞாபகம் வந்தது.

"நோ, நோ. ஓகே, ஓகே" என்றேன். கண்ணைக் காட்டினேன். குழந்தையைக் காட்டினேன். கெட்ட கண் என்பதற்காக என் கண்ணை உருட்டி விழித்தேன். அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். குழந்தைக்குக் கன்னத்தில் கோளாறு, அம்மாவுக்குக் கண்ணில் கோளாறு.

"அபி, ஏதாவது சொல்லேன்டி!"

அபியால் பேச முடியவில்லை. இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இனியாவோ ராணி போல உட்கார்ந்து, ஒரு கன்னம் முடிந்ததும் மறு கன்னத்தையும் காட்டினாள்.

கடைசியாக ஒரு அம்மாள் கூட்டத்தை விலக்கி வந்தாள். கையில் பவுடர் டப்பா. துடைத்துப் போகாததை மூடிவிட வேண்டியதுதான் என்ற முடிவோடு, உள்ளங்கை நிறையக் கொட்டி, இனியாவின் முகம் முழுவதும் அப்பினாள். பொட்டு மறைந்தது. பெட்டி நிம்மதியாக மூச்சு விட்டது. சிலர் கை தட்டினார்கள்.

அப்போதுதான் ஒரு ஸ்டேஷனில் கல்லூரி மாணவி ஒருத்தி ஏறினாள். கூட்டத்தைப் பார்த்து வந்தவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்திருந்தது. நான் பாய்ந்து அவளைப் பிடித்துக்கொண்டேன். அது அழுக்கு இல்லை, நோய் இல்லை, குழந்தை அழகாக இருப்பதால் கண் பட்டுவிடக் கூடாது என்று நாங்களே வேண்டுமென்று வைக்கிற குறை என்றேன்.

அவள் அதைத் தன் மொழியில் சொன்னாள். பெட்டியில் "ஆ...!" என்று ஒரு பெரிய சத்தம். உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். மாணவி சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னாள்: அவர்கள் ஊரிலும் குழந்தையை அழகு என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பார்களாம். சொன்னால் பேய் காதில் விழுந்து தூக்கிக்கொண்டு போய்விடுமாம். அதனால் பெரியவர்கள் அழகான குழந்தையைப் பார்த்தால் 'அசிங்கம்' என்பார்களாம்.

சொல்லி முடிப்பதற்குள் பூப்போட்ட சட்டை அம்மாள் இனியாவின் தாடையைப் பிடித்து, கண் கலங்கும் அளவுக்குப் பிரியமாக, அவள் மொழியில் "அசிங்கம்!" என்றாள். பவுடர் அம்மாள், "ரொம்ப அசிங்கம்!" என்றாள். கோழி விற்றவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து தன் பங்குக்கு ஒரு அசிங்கம் சொன்னாள்.

"அம்மா, என்னம்மா சொல்றாங்க?" என்றாள் இனியா.

"நீ அழகா இருக்கியாம்டி" என்றேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். சிரிப்பாகவும் இருக்கலாம்.

அபி கண் மை பென்சிலை என் பையிலிருந்து எடுத்துத் தன் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டாள். பூப்போட்ட சட்டை அம்மாள் தன் கன்னத்தையும் நீட்டினாள். பிறகு பவுடர் அம்மாள். மாணவி. கோழிக்காரி. பயணச் சீட்டுப் பரிசோதிக்க வந்தவர் சீட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிவிட்டுக் கன்னத்தைக் காட்டினார். அயுத்தயா வருவதற்குள் அந்தப் பெட்டியில் கண் படக்கூடிய ஆளே இல்லை.

இறங்கும் முன் எல்லோரும் இனியாவைச் சுற்றி நிற்க, அபி ஒரு படம் எடுத்தாள். அன்று காலை அனுப்ப வேண்டிய படம் இன்னும் போகவில்லை என்பது ஞாபகம் வந்து, அந்தச் சந்தோஷத்தில், பார்க்காமலே அனுப்பிவிட்டேன்.

தரக் கட்டுப்பாட்டின் பதில்

அயுத்தயாவில் இடிந்த கோபுரங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தபோது பதில் வந்தது.

"குரூப்ல எல்லாருக்கும் பொட்டு ஓகே. டிடிஆருக்குக்கூட ஓகே. மெயின் பீஸ்ல மிஸ்ஸிங். ரிஜெக்ட்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்புப் பொட்டு வைத்த கன்னங்களுக்கு நடுவே, முறுக்கு மாவில் விழுந்தவள் மாதிரி வெள்ளை வெளேரென்று என் மகள்.

உடனே போன் செய்தேன். "பொட்டு இருக்குங்க! பவுடருக்கு அடியில இருக்கு!"

"தெரியணும்னு சொன்னேன் சுதா."

"தொடச்சுக் காட்டட்டுமா?"

"லோடு அனுப்பினதுக்கு அப்புறம் தொடச்சுக் காட்டக் கூடாது" என்றார். பின்னணியில் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் சிரிப்பை அடக்குவதும் கேட்டது. "அது சரி, அந்த டிடிஆரு எப்படி ஒத்துக்கிட்டாரு?"

அப்புறம் ஊருக்கு வந்துவிட்டோம். இனியாவுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. அந்தப் பொட்டு மட்டும் தேங்காய் எண்ணெய் போடும் வரை போகவில்லை. ஆனால் வழக்கு முடியவில்லை.

அவர் சொல்கிறார்: திருஷ்டி என்பது பார்வை. பார்வைக்குத் தெரியாத பொட்டு பார்வையை எப்படித் தடுக்கும்? தோற்றது தோற்றதுதான்.

அபி சொல்கிறாள்: "மாமா, அன்னைக்குப் பொட்டு வெச்சது புள்ளைக்கு இல்ல, ரயிலுக்கே. அதுவும் பத்தாம அத்தனை பேரும் அசிங்கம் அசிங்கம்னு அர்ச்சனை வேற. அதைவிட சேஃப்டி என்ன வேணும்?"

நான் சொல்வதுதான் தினமும் மாறுகிறது.

அவர் தோற்றவளைப் பார்த்துச் சிரிக்கிறவர் இல்லை. போன வாரம் டூர் கம்பெனியிலிருந்து சிங்கப்பூர் பேக்கேஜ் அட்டை வந்தது. குரோம்பேட்டை தம்பதியும் வருகிறார்களாம். "இனியா எப்படி இருக்கா?" என்று விசாரித்தார்களாம். மாமியார் தொப்பியைத் துவைத்து வைத்துவிட்டார். கணவர் அட்டையை மேஜையில் வைத்துவிட்டு, "நீயே முடிவு பண்ணு. பொட்டு இருந்துச்சுன்னு நீ மனசார சொன்னா, நான் ஒத்துக்கறேன்" என்றார். என்னைப் போன்ற ஆளிடம் சொல்லக்கூடிய மிகக் கொடுமையான வார்த்தை 'நீயே முடிவு பண்ணு' என்பதுதான்.

அன்று மாலையே அபி வியட்நாம் ரயில் தடத்தின் படத்தை அனுப்பினாள். கீழே ஒரே வரி: "வண்டலூர் தாண்டிப் போலாமா அக்கா?"

பஸ்ஸில் நான் நன்றாகத் தூங்கினேன். ரயிலில் நான் தூங்கவே இல்லை. இரண்டும் எனக்கு வேண்டும் என்று சொன்னால் பேராசையா? கோடை ஒன்றுதான் இருக்கிறது. அபியும் ஆவணி வரைதான் இருக்கிறாள்.

எனவே படிப்பவர்களே, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். பவுடருக்கு அடியில் இருந்த பொட்டு, பொட்டா இல்லையா? தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள். 'பொட்டு இல்லை' என்றால் சிங்கப்பூர் பஸ்; சாதா மை டப்பா ஒன்று போதும். பஸ்ஸில் யாரும் துடைக்க மாட்டார்கள். 'பொட்டுதான்' என்றால் வியட்நாம் ரயில்; அந்தத் தண்ணீருக்கு அசையாத பென்சில் வேண்டும். பழையது தீர்ந்துவிட்டது. ஒரு பெட்டி ஜனத்துக்கு வைத்தால் தீராதா? தாம்பரம் பக்கம் அது எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். வியட்நாம் ரயில் பெட்டிகள் இன்னும் நீளம் என்கிறாள் அபி.